கைவினைத் தேயிலைக்கு ஒரு லோகோ: கோத்தகிரியில் முதன்முறையாக வரைந்த அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயம் செய்யும் என் சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகளும், பறித்த கொழுந்து முழுவதையும் தொழிற்சாலைக்கே கொடுத்துவிடாமல் அதில் ஒரு பகுதியைத் தாங்களே வாட்டி, உருட்டி, உலர்த்தி, கைவினைத் தேயிலையாகப் பாக்கெட்டில் விற்கத் தொடங்கினார்கள். அந்தச் சிறு நிறுவனத்துக்கு லோகோ வரையும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஓவியமோ வடிவமைப்போ படித்ததில்லை. கணக்கு எழுதுவது என் தொழில். ஆயினும் முறையாகச் செய்தால் தொடக்கநிலையில் இருப்பவராலும் ஒரு நல்ல லோகோவை உருவாக்க முடியும் என்பதை இந்த வேலையில் கண்டுகொண்டேன். செய்தவற்றையும் அவற்றுக்கான காரணங்களையும், இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். வணிகக்குறிப் (டிரேட்மார்க்) பதிவு இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. அதன் முதல் எழுத்து 'ம' என்பது போதும்.

நான் முதலில் கையில் எடுத்தது பென்சிலை அன்று, கணக்கு நோட்டை. இந்த லோகோ எங்கெங்கே பதிய வேண்டும் என்று சித்தப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். 100 கிராம் தேயிலை போடும் பழுப்புக் கிராஃப்ட் தாள் உறை, பில் புத்தகத்தின் தலைப்பு, பார்சலில் குத்தும் ரப்பர் ஸ்டாம்பு, சாலையோரப் போர்டு, வாட்ஸ்அப் வட்டப் படம், பொருட்காட்சிக்குப் போகும்போது கட்டும் துணிப் பதாகை என்று பட்டியல் நீண்டது. எழுதி முடித்த பிறகு, இவற்றில் எது அச்சுக்கு மிகவும் கடினமானது என்று பார்த்தேன். சந்தேகமே இல்லாமல் ரப்பர் ஸ்டாம்புதான். அதற்கு ஒரே நிறம், மை கசியும், அளவு சிறியது, அழுத்துகிற கையைப் பொறுத்துப் பதிவு மாறும். ஆகவே ஸ்டாம்பில் தெளிவாக விழுகிற வடிவத்தை முதலில் கண்டுபிடிப்பது, மற்ற இடங்களுக்கெல்லாம் அதையே பெரிதாக்கிக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். இந்த முழு வேலையிலும் எனக்கு மிக அதிகமாகப் பயன்பட்ட முடிவு இதுதான். கணினித் திரையில் பெரிதாக, பல நிறங்களில் வரைந்துவிட்டுப் பின்னர் அதைச் சுருக்க முயல்கிறவர்கள், ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு லோகோவை வைத்துக்கொள்ளும் நிலைக்குத்தான் போய்ச் சேருகிறார்கள்.

எதை வரைவது என்பதில் கூட்டாளிகளுக்குத் தெளிவான ஆசை இருந்தது. இரண்டு மலை, நடுவில் எழும் சூரியன், முன்னால் தேயிலைக் கொழுந்து. "மலையும் சூரியனும் இல்லாம இது நம்ம ஊர் டீன்னு எப்படிம்மா தெரியும்?" என்று சித்தப்பா கேட்டார். நான், "சித்தப்பா, ரெண்டு மலைக்கு நடுவுல சூரியன் வந்தா அது ஒரு கட்சிச் சின்னம். இலைய ரெட்டையா போட்டா இன்னொரு கட்சிச் சின்னம். பாக்கெட்ட கையில எடுக்கிறவங்க டீயவா நெனைப்பாங்க?" என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் வாஸ்தவந்தான், தேர்தல் நேரத்துல கடைக்காரரே வெளிய வைக்க யோசிப்பாரு" என்றார். தமிழ்நாட்டில் சின்னம் வரைகிற எவரும் இதை முன்கூட்டியே கவனித்தாக வேண்டும். ஒரு வடிவம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், அது மக்கள் மனத்தில் ஏற்கெனவே வேறொன்றுக்கு உரியதாகிவிட்டால், புதிதாக வருகிறவருக்கு அங்கே இடமில்லை. கட்சிச் சின்னம் என்ற தடை இல்லாவிட்டாலும், இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது கொழுந்து பறிப்பின் பொது அளவுகோல். உலகெங்கும் தேயிலை விற்பவர்கள் அதையே வரைந்து தீர்த்துவிட்டதால், அது தேயிலை என்பதை மட்டும் சொல்லுமே தவிர யாருடைய தேயிலை என்பதைச் சொல்லாது.

அடுத்து வந்த யோசனைகளையும் அதே உரைகல்லில் வைத்துப் பார்த்தோம். வரையாடு நம் மாநில விலங்கு, மலைக்கும் பொருத்தம். ஆனால் கொம்பின் வளைவும் முகமும் இல்லாமல் அதை வரையாடு என்று காட்ட முடியாது, அந்த நுணுக்கம் ஸ்டாம்பில் மைத்திட்டாகிவிடும். குறிஞ்சிப் பூவை நிறம் இல்லாமல் வரைந்தால் ஏதோ ஒரு பூவாகவே தெரிகிறது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர்கள் இழைக்கும் பூத்தையலைப் பாக்கெட்டின் ஓரப்பட்டையாக வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது; அதைவிட முக்கியமாக, அது அந்த மக்களுடைய கைவேலை, அவர்களுடைய அடையாளம். அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு வியாபாரத்துக்கு அதை அலங்காரமாக எடுத்துக்கொள்வது முறையன்று என்று உறுதியாகச் சொன்னேன், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

வழி காட்டியவை நாம் தினமும் பார்க்கும் இரண்டு சின்னங்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வடிவமைத்து 1971-ல் வந்த பாரத ஸ்டேட் வங்கிச் சின்னத்தில் இருப்பது ஒரு வட்டமும், நடுவில் ஒரு துளையும், அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு வெட்டும் மட்டுமே. சலானில் நகத்தளவிலும், கட்டடத்தின் உச்சியில் ஆளுயரத்திலும் அது ஒன்றாகவே தெரிகிறது. 2010-ல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார், தமிழ் எழுத்து வடிவங்களை முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தவர். அந்தக் குறியில் படம் எதுவும் இல்லை, எழுத்தே சின்னமாக நிற்கிறது. இந்த இரண்டையும் நோட்டில் பலமுறை வரைந்து பார்த்த பிறகு, எழுத்தையே சின்னமாக்குவது, அந்த எழுத்துக்குள் வெட்டப்படும் வெற்றிடத்தால் பொருளைச் சொல்வது என்ற எண்ணம் பிடிபட்டது.

'ம' என்ற எழுத்து அதற்கு வாய்ப்பாக அமைந்தது. இடப்பக்கம் ஒரு நிமிர்ந்த கோடு, கீழே ஒரு கிடைக்கோடு, வலப்பக்கம் மேலெழுந்து வளைந்து மீண்டும் அடிக்கோட்டைத் தொடும் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் அடைபட்டிருக்கும் வெற்றிடத்தை, நுனி மேல்நோக்கிய ஒரு தேயிலையின் வடிவத்தில் வெட்டினால், எழுத்தும் இலையும் ஒரே உருவத்தில் அமைந்துவிடுகின்றன. இலைக்கெனத் தனியாக ஒரு கோடுகூட வேண்டாம், தாளின் நிறமே இலையாகும். முதலில் வரைந்தபோது இலையின் ஓரத்தில் பற்களும் நடுவில் நரம்பும் வைத்திருந்தேன், ஏனெனில் உண்மையான தேயிலையின் விளிம்பு ரம்பம்போல்தான் இருக்கும். அந்த வரைபடத்தை ஒரு டீக்கடையில் வழக்கமாக வருகிறவர்களிடம் சில நொடிகள் மட்டும் காட்டிவிட்டு, மறுநாள் அதை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். எல்லாரும் எழுத்தையும் இலையையும் வரைந்தார்கள். பற்களை ஒருவரும் வரையவில்லை, நரம்பை அநேகமாக எல்லாரும் விட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளாததை லோகோவில் வைத்திருக்கத் தேவையில்லை என்று இரண்டையும் நீக்கினேன். செலவே இல்லாத இந்தச் சோதனையை நான் எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன்.

பென்சில் வரைபடம் ஓரளவு நிலைத்ததும், நேர் மேலிருந்து கைப்பேசியில் படம் எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்குள் கொண்டுவந்தேன். இது விலையில்லாத மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். படத்தை அடி அடுக்கில் பூட்டி வைத்துவிட்டு, மேல் அடுக்கில் பேனாக் கருவியால் புதிதாக வரைய வேண்டும். படத்தைத் தானாகவே கோடுகளாக மாற்றித் தரும் வசதி அதில் உண்டு. ஆனால் அது பென்சிலின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு புள்ளியை வைத்து, நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு ஓர் உருவத்தைத் தருகிறது. அதைப் பெரிதாக்கினால் விளிம்பு மேடுபள்ளமாகத் தெரியும். கையால் வரையும்போது, வளைவு திசை திரும்பும் உச்சிகளில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். இலையின் முழு வெளிவிளிம்பையும் நான்கே புள்ளிகளில் அடக்க முடிந்தது. புள்ளி குறையக் குறைய வளைவு வழுவழுப்பாகிறது. எழுத்தைத் தனி உருவமாகவும் இலையைத் தனி உருவமாகவும் வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் கட்டளையால் வெட்டி எடுத்தேன்.

இங்கே கண்ணை நம்ப வேண்டிய ஓர் இடம் உண்டு. நிமிர்ந்த கோட்டுக்கும் கிடைக்கோட்டுக்கும் ஒரே தடிமன் கொடுத்தால், அளவுகோலில் சமமாக இருந்தும் கண்ணுக்குக் கிடைக்கோடு தடித்துத் தெரியும். அதைச் சற்றே மெலிதாக்கிய பிறகுதான் எழுத்து நிதானமாக நின்றது. அதேபோல வளையத்தின் உச்சி, பக்கத்துக் கோட்டின் உயரத்தை மயிரிழை தாண்டினால்தான் இரண்டும் ஒரே உயரமாகத் தோன்றும். அளவுகளை எண்களால் சரிசெய்துவிட்டு நிறுத்திவிடாமல், தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி எட்ட நின்று பார்த்துத் திருத்தினேன்.

சின்னத்தின் கீழே வரும் பெயருக்கு எழுத்துரு தேர்வதில் நான் அதிக நேரம் செலவிட்டேன், அது வீண்போகவில்லை. கட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகிய மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லை. எங்கிருந்தோ இறக்கிய, உரிமம் தெரியாத எழுத்துருவை நிறுவனப் பெயருக்கு வைப்பது பின்னாளில் சிக்கல் தரும். பெயரை மூன்றிலும் 4 மில்லிமீட்டர் உயரத்தில் அச்சிட்டு, ஜெராக்ஸ் கடையில் நகலின் நகலாகப் பலமுறை எடுத்தேன். மெல்லிய வகைகளில் முதலில் காணாமற்போனது மெய்யெழுத்தின் புள்ளிதான். மிகத் தடித்த வகைகளில் புள்ளி தங்கியது, ஆனால் எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டன. முக்த மலரின் நடுத்தரத் தடிமன் இரண்டையும் தாங்கியதால் அதை எடுத்துக்கொண்டு, புள்ளியை மட்டும் சிறிது பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து சற்று விலக்கி வைத்தேன். சுற்றுலா வருகிறவர்களுக்காக ஆங்கிலப் பெயரும் வேண்டும் என்று கூட்டாளிகள் விரும்பினார்கள். அது நியாயமே. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்பவை. தமிழ் எழுத்துகளோ மேலும் கீழும் விரிபவை. இரண்டையும் ஒரே எழுத்தளவில் (பாயின்ட்) வைத்தால் ஆங்கிலம் ஓங்கித் தெரியும் என்பதால், தமிழைப் பெரிதாக மேலேயும் ஆங்கிலத்தை அதில் ஏறக்குறையப் பாதியளவில் கீழேயும் அமைத்தேன். நம் ஊரில், நம் மண்ணில் விளைந்த பொருளில் தமிழ்தான் முன்னால் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிறத்தை முடிவு செய்ய, கோத்தகிரிக் கடைத்தெருவில் தேயிலை அடுக்கியிருக்கும் அலமாரிகளின் முன் போய் நின்றேன். பச்சை, சிவப்பு, பொன்னிறம் ஆகிய மூன்றுமே திரும்பத் திரும்ப வந்தன. பழுப்புக் கிராஃப்ட் தாளில் பச்சை மையை அடித்துப் பார்த்தபோது அது சேறுபோல மங்கியது, ஏனெனில் தாளின் நிறம் மையின் ஊடாக மேலே வருகிறது. அடர்நீலம் அதே தாளில் கூர்மையாக நின்றது, அலமாரியிலும் அந்த நிறம் காலியாக இருந்தது. சயான் 100, மெஜந்தா 75, மஞ்சள் 10, கறுப்பு 40 என்ற விழுக்காட்டில் அச்சு மைகளின் கலவையைக் குறித்துவைத்தேன். எனினும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மையைக் கையால் கலப்பார்கள் என்பதால், எண்களைவிட அச்சடித்த ஒரு மாதிரித் துண்டைக் கொடுத்து அதற்கு ஒப்பிட்டுக் கலக்கச் சொல்வதே பலன் தந்தது.

முதல் மாதிரி அச்சு மேட்டுப்பாளையத்தில் நடந்தது. கிராஃப்ட் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும் தன்மையுடையது. கோடுகள் எல்லாப் பக்கமும் சற்றுத் தடித்தன, இலையின் கூர்நுனி மூடிக்கொண்டது. அச்சகத்து அண்ணன் உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "நுனி இவ்ளோ ஒல்லியா வந்தா மை அடைச்சிரும்மா, கொஞ்சம் வாய வெட்டி விடு" என்றார். நுனியை முழுக் கூராக முடிக்காமல் சிறிது மழுக்கி அகலப்படுத்தினேன். எழுத்து 10 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும்போது எந்த இடைவெளியும் 0.8 மில்லிமீட்டருக்கும், எந்தக் கோடும் 0.6 மில்லிமீட்டருக்கும் குறையக்கூடாது என்று ஒரு வரம்பை அமைத்துக்கொண்டு உருவம் முழுவதையும் சரிபார்த்தேன். அதன் பிறகு ஸ்டாம்பு செய்யக் கொடுத்தபோது எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை.

பாக்கெட்டில் லோகோவுக்குக் கிடைக்கும் இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அதன் சின்னமும், நிகர எடை, விலை, தயாரித்த நாள், முகவரி ஆகியவையும் கட்டாயம். முகப்பின் பரப்பு 100 முதல் 500 சதுர சென்டிமீட்டர் வரை இருந்தால் சைவக் குறியின் பச்சை வட்டம் குறைந்தது 4 மில்லிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும். ஆகையால் இவற்றுக்கெல்லாம் முதலில் இடம் ஒதுக்கி, மேல் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் லோகோவுக்கு வைத்தோம். சுற்றிலும் இலையின் அகலத்துக்குச் சமமான வெற்றிடம் விட்டதால், சிறிதாக இருந்தும் முதலில் கண்ணில் படுவது அதுவே.

சாலையோரப் போர்டு வேறு விதமான பாடத்தைக் கற்பித்தது. எழுத்தின் உயரம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது போர்டு எழுதுகிறவர்களின் பொதுக் கணக்கு. எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தம் ஏறத்தாழ 60 அடி என்பதால் 6 அங்குலம் போதும்; ஆனால் எங்கள் மேட்டில் மாலையானால் மஞ்சு (மூடுபனி) இறங்கிவிடும் என்பதால் 9 அங்குலமாக்கினோம். வெள்ளைப் பலகையில் நீல எழுத்து, நீலப் பலகையில் வெள்ளை எழுத்து என இரண்டு அட்டைகளை எழுதி, மஞ்சு மூடிய ஒரு மாலையில் அந்த இடத்தில் வைத்துப் பார்த்தோம். வெள்ளைப் பலகை மஞ்சோடு மஞ்சாகக் கரைந்துபோனது. நீலப் பலகை, எழுத்து படிக்க முடியாத தூரத்திலும்கூட, அங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டியது. ஆகவே போர்டுக்கு மட்டும் நிறங்களைத் தலைகீழாக்கினோம். இலை இப்போது நீலமாகவும் எழுத்து வெள்ளையாகவும் இருக்கும், உருவம் மாறாது.

ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று தகரப் பலகையில் பெயிண்டால் எழுதவே ஏற்பாடு செய்தோம். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்யும், எனாமல் காயாது. ஆகவே மழை ஓய்ந்த பிறகு வேலையைத் தொடங்கினோம். போர்டு எழுதும் பெரியவர் நான் கொடுத்த முழு அளவுத் தாளில் கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, அதைப் பலகையில் ஒட்டி, சுண்ணப்பொடி கட்டிய துணி மூட்டையால் தட்டினார். தாளை எடுத்தபோது உருவம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாகப் பலகையில் இறங்கியிருந்தது. கணினியில் நான்கு புள்ளிகளில் வரைந்த அதே வளைவை அவர் ஒரே இழுப்பில், தூரிகையை எடுக்காமல் போட்டு முடித்தார். இலை எளிமையாக இருந்ததால்தான் அப்படிச் செய்ய முடிந்தது என்று அவரே சொன்னார்.

கோப்புகளைக் கொடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். எழுத்துகளையெல்லாம் எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவமாக மாற்றிய பிறகே அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். பல அச்சகங்களில் பழைய கோரல் டிரா மென்பொருளும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் புழங்குவதால், மாற்றாமல் அனுப்பினால் கொம்பும் எழுத்தும் இடம் மாறிப் பெயரே சிதைந்துவிடும். எஸ்.வி.ஜி., பி.டி.எஃப். ஆகிய இரண்டு கோப்பு வகைகளிலும் நீலம், கறுப்பு, வெள்ளை என மூன்று பதிப்புகளைத் தனித்தனியே பெயரிட்டுச் சேமித்தேன். வாட்ஸ்அப்புக்குப் பெயரில்லாத சின்னம் மட்டும், வட்டத்தின் ஓரத்தில் வெட்டுப்படாத அளவில் ஒரு பதிப்பு.

பதிவு விவரம் சுருக்கமாக. தேயிலை வணிகக்குறி வகைப்பாட்டில் 30-ஆம் வகுப்பில் வருகிறது. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவானால் 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் தனியுரிமையாகக் கேட்பது சட்டத்தில் எளிதில் நிற்காது என்பதால், நீலகிரி, கோத்தகிரி என்பவற்றைப் பெயரில் சேர்க்காமல் முகவரியில் மட்டும் வைத்தோம். லோகோவின் பதிப்புரிமை வரைந்தவருக்கே முதலில் சேரும். சொந்தக்காரர்கள்தானே என்று விட்டுவிடாமல், அதை நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அந்த ஆவணத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே இரண்டையும் தெளிவாக எழுத வேண்டும்.

கடைசியாக, ஒரே பக்கத்தில் ஒரு விதித்தாள் தயாரித்தேன். மிகக் குறைந்த அளவு, சுற்றியுள்ள வெற்றிடம், அனுமதித்த மூன்று நிறங்கள், இழுத்து அகலப்படுத்தவோ நிழல் சேர்க்கவோ கூடாது என்ற குறிப்பு, அச்சடித்த மாதிரித் துண்டு ஆகியவை அதில் உள்ளன. பதிவுச் சான்றிதழ் வரும்வரை வட்டத்துக்குள் ஆர் என்ற குறியைப் போடக்கூடாது, டி.எம். என்ற குறியை மட்டும் போடலாம் என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன். அந்தக் குறிக்கான இடம் எழுத்தின் வலப்பக்க மேல்மூலையில், பின்னர் மாற்றினாலும் வேறெதையும் நகர்த்த வேண்டாதபடி விடப்பட்டுள்ளது.